இருபத்தாறாவது ரவுண்டு

கடைக்குள் நுழையும்போது அவன் எப்போதும் வலது காலைத்தான் முதலில் வைப்பான், அதனால்தான் அவன் கொண்டுவரும் சோப்பு அப்படி விற்கிறது என்று விளாங்குடியில் ஒரு பேச்சு இருந்தது. தவறு. நான் பதினேழு வியாழக்கிழமைகள் பார்த்திருக்கிறேன். ஒன்பது முறை இடது கால், எட்டு முறை வலது கால்.

கால்களை மட்டும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அவன் வரும்போதெல்லாம் நான் என் மைத்துனரின் மளிகைக் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். மூட்டைகளுக்கு நடுவே இருந்த சந்தில் தரையிலிருந்து ஒரு முழ உயரம்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு இடத்தில் தையல் போட்ட பழுப்புச் செருப்பு, புழுதி படிந்த கால்சட்டை விளிம்பு, நரம்பு புடைத்த கணுக்கால். அந்தக் கணுக்காலை எந்தக் கூட்டத்திலும் நான் அடையாளம் கண்டுகொள்வேன். ஒரு காலத்தில் அது என்னைக் கடந்து போவதை எண்ணுவதற்கென்றே என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அது இருபத்தாறு தடவை கடந்தது. நான் இருபத்தைந்து என்று எண்ணினேன்.

பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றிலிருந்து, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருந்த எங்கள் கல்லூரிக்கு பி.காம். படிக்க வந்தவன் அவன். நான் அங்கே அலுவலக எழுத்தர். அவனை நான் முதலில் தெரிந்துகொண்டது ஓட்டத்தால் அல்ல, ஒரு சான்றிதழால். ஜன்னலுக்கு வெளியே நின்று மனுவை நீட்டினான்.

"முதல்வர் கையெழுத்துப் போடணும். நாளைக்கு வா" என்றேன். நாளைக்கு வா என்பது எங்கள் அலுவலகத்தில் வணக்கம் மாதிரி.

"சரி சார். ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்" என்றான்.

நிஜமாகவே கல்லூரிக் கட்டடத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓடிவிட்டு மறுபடி ஜன்னலுக்கு வந்தான். அதே முகம், அதே சிரிப்பு. "கையெழுத்து ஆயிருச்சா சார்?" இல்லை என்றேன். "சரி சார், இன்னொரு ரவுண்டு." வாதாடவில்லை, கெஞ்சவில்லை. நான்காம் தடவை நானே எழுந்து போய்க் கையெழுத்து வாங்கி வந்தேன். இரக்கம் ஒன்றும் இல்லை. அவன் வேர்வை என் பதிவேட்டில் சொட்டிவிடும் என்ற பயம்.

அவனுடைய குணம் மொத்தமும் அந்த ஜன்னலில் தெரிந்துவிட்டது. மறுத்தால் அவன் நின்று வழக்குப் பேச மாட்டான். ஒரு சுற்றுப் போய்விட்டு மறுபடி வருவான்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் எங்கள் மைதானத்தில் நடந்தன. பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் என்றால் நானூறு மீட்டர் பாதையில் இருபத்தைந்து சுற்று. ஓடுகிற ஒவ்வொருவனுக்கும் எண்ணுகிறவர் ஒருவர் உண்டு. சுற்று முடியும்போதெல்லாம் கடிகார நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, பாக்கி எத்தனை என்று கத்திச் சொல்ல வேண்டும். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியரை எல்லோரும் பி.டி. சார் என்போம். அவர் அலுவலகத்துக்கே வந்து என் கையைப் பிடித்தார்.

"கணக்குல புலி நீங்கதான்யா. நம்ம பயலுக்கு நீங்களே எண்ணுங்க."

முதலில் வருபவன் பல்கலைக்கழக அணிக்குப் போவான். அணிக்குப் போனவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை அநேகமாக உறுதி. அவனுக்குக் கீழே மூன்று தங்கைகள் என்பதும், அந்த வேலையை நம்பித்தான் அவன் அப்பா அவனை ஓட விட்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

வெறுங்காலில் ஓடினான். வலது கை காற்றில் தாராளமாக வீசியது. இடது கையை மட்டும் இறுக மூடி வைத்திருந்தான். "கையத் தளர்த்துடா! அதுல என்ன புதையலா வச்சிருக்க?" என்று பி.டி. சார் கத்திக்கொண்டே இருந்தார். அவன் தளர்த்தவில்லை. எட்டாவது சுற்றில் எல்லோருக்கும் முன்னால் வந்தான். அதன்பின் அவனை யாராலும் நெருங்க முடியவில்லை.

பதினோராவது சுற்று முடிந்ததும் என் பென்சில் முனை ஒடிந்தது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் பிளேடு வாங்கிச் சீவினேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் அல்ல. நன்றாகக் கூர் வரும்வரை சீவினேன். நிமிர்ந்தபோது அவன் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தான். சுற்றி வந்து என்னைக் கடந்தபோது நேரத்தைக் குறித்து, பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதி, "பதிமூணு பாக்கி!" என்று கத்தினேன்.

கடைசியில் அவன் கோட்டைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றான். மூடியிருந்த இடது கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினான். உள்ளங்கை காலியாக இருந்தது. தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்தேன். என் தாளில் இருபத்துநாலுதான் ஆகியிருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்குடா! ஓடு, ஓடு!"

அவன் என்னைப் பார்த்தான். கையைப் பார்த்தான். மறுபடி ஓடினான்.

அவன் எதிர்ப்பக்கம் போயிருந்தபோது, அவனுக்கு அரைச் சுற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்த வேறொரு கல்லூரிப் பையன் தன்னுடைய இருபத்தைந்தை முடித்து நாடாவை அறுத்தான். வட்டத்தில் ஓடும்போது யார் முன்னால், யார் பின்னால் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எண்ணுகிறவன் சொன்னால்தான் உண்டு. அவன் இரண்டாவது என்று நான் சொன்னேன். மைதானம் முழுவதும் நம்பியது.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து, குறித்த நேரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று போட்டுப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கு அதில் ஓர் இன்பம். ஒன்றரை நிமிடம். ஒன்றரைக்கு ஒரு நொடி குறைவு. மறுபடி ஒன்றரை. பன்னிரண்டாவதற்கு எதிரே மூன்று நிமிடம் வந்தது. நடுவில் படுத்துத் தூங்கி எழுந்தால் ஒழிய அவன் ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம் எடுத்திருக்க முடியாது. அது ஒரு சுற்று அல்ல, இரண்டு.

மறுநாள் காலை தாளை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. பி.டி. சாரின் குரலை நினைத்தேன். ஒரு நாள் தள்ளிப் போட்டேன். ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். நாடாவை அறுத்த பையன் ரயில்வேயில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று, தாளை நான்காக மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். எதையும் இரண்டு முறை எண்ணும் வழக்கம் எனக்கு அப்போது தொடங்கியது. எண்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் விடவில்லை.

ஒன்பது வருடம் போயிற்று. வியாழக்கிழமை என் மைத்துனர் கடையில் சரக்கு இறங்கும் நாள். எண்ணி வாங்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். கல்லூரி விட்டதும் சைக்கிளில் போனேன். பருப்பு டின்களை எண்ணிக்கொண்டிருந்தபோது வாசலில் "அண்ணே, வணக்கம்ணே" என்று ஒரு குரல். திரும்பாமலே தெரிந்துவிட்டது. எப்படி மூட்டைகளுக்குப் பின்னால் போனேன் என்று எனக்கே தெரியாது.

"வாய்யா ஓட்டக்காரரே" என்றார் மைத்துனர். "இந்த வாரம் சோப்பு வேணாம். போன வாரம் வாங்குனதே அலமாரில உக்காந்து என்னையவே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்கு."

"சரிண்ணே. ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்."

பத்து நிமிடத்தில் செருப்பு மறுபடி வந்தது. "என்னண்ணே, இன்னும் மொறைக்குதா?"

"மொறைக்குதுய்யா."

"சரிண்ணே, இன்னொரு ரவுண்டு."

மூன்றாம் தடவை அந்தச் செருப்புக்குப் பின்னால் கொலுசு போட்ட கால்கள் நான்கு ஜோடி வந்தன. "இந்த அக்காமாருக்கு சோப்பு வேணுமாம்ணே. நம்ம அண்ணன் கடையில சும்மாதான் கெடக்கு, வாங்கன்னு கூட்டியாந்தேன்." தெருவைச் சுற்றுகிறேன் என்று அவன் வீடு வீடாகப் போய் வந்திருக்கிறான். அலமாரி காலியாயிற்று. மைத்துனர் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டார்.

"ஏய்யா, வேணாம்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றேன், உனக்குக் கோவமே வராதா?"

"கோவப்பட்டா மூச்சு எரைக்கும்ணே. மூச்சு எரைச்சா அடுத்த கடைக்கு எப்பிடிப் போறது?"

கிளம்பும்போது கல்லாப்பெட்டி மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம். "புளி விக்கிற கடையில வந்து புளியங்கொட்டை வக்கிறியே, வெளங்கும்யா" என்பார் மைத்துனர். ஒருநாள் அவனே விளக்கம் சொன்னான். "கணக்குக்குண்ணே. ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு கடை பாக்கணும்னு கம்பெனி உத்தரவு. காலைல இருவத்தஞ்சு எடுத்துப் பையில போட்டுக்குவேன். கடைக்கு ஒண்ணு. கை காலியானா கம்பெனி வேலை முடிஞ்சுச்சு. அதுக்கப்புறம் ஒரு கடைக்குப் போவேன். அது என் கடை."

இருபத்தைந்து என்ற சொல்லைக் கேட்டதும் மூட்டைக்குப் பின்னால் நான் இன்னும் குனிந்துகொண்டேன்.

"அங்க என்ன மாப்ள பண்றீங்க?" என்று மைத்துனர் கேட்டால் எலி பார்க்கிறேன் என்பேன். பதினேழு வாரம் எலி பார்த்தேன். அந்தத் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து வியாழக்கிழமைதோறும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன், அவனிடம் கொடுத்துவிடுவதற்காக. பதினேழு தடவையும் அது என்னோடு வீட்டுக்குத் திரும்பியது.

மூட்டைக்கு வெளியிலும் அவனைப் பற்றிக் கேள்விப்படாமல் இருக்க முடியவில்லை. கம்பெனி கொடுத்த கழுத்துப்பட்டையைக் கால்சட்டைப் பையில் சுருட்டி வைத்திருப்பான். மேலதிகாரி ஜீப் வந்தால் ஜீப் நிற்பதற்குள் கட்டிவிடுவான். டீயை நின்றுகொண்டுதான் குடிப்பான். மாதக் கடைசி வாரத்தில் மற்ற விற்பனைப் பிரதிநிதிகள் முகம் வாடித் திரியும்போது அவன் மட்டும் சீட்டியடித்துக்கொண்டு வருவான். கடைசிச் சுற்றில்தானே வேகம் எடுக்க வேண்டும் என்பான். பின்னாளில் அவன் ஏரியா மேனேஜராகி வேறு மாவட்டம் போனபோதும் நடையை விடவில்லை என்று கேள்வி. அதற்கு முன், இங்கே இருந்த காலத்தில், பேரையூரில் ஒருநாள் அந்த இருபத்தாறாவது கடையால் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறான். பஸ் ஊரைச் சுற்றிப் போகும் பாதை. இவன் பருத்திக் காட்டுக்குள் குறுக்கே ஓடி அடுத்த நிறுத்தத்தில் போய் நின்று கை காட்டினான்.

"ஏய்யா, இப்பத்தான பஸ்ஸுக்குப் பின்னாடி கத்திக்கிட்டு ஓடியாந்த?" என்றார் நடத்துநர்.

"பின்னாடி ஓடியாந்தா நீங்க நிறுத்தலையேண்ணே. அதேன் முன்னாடி ஓடியாந்துட்டேன்."

திருமங்கலம் வருவதற்குள் பஸ்ஸிலேயே பதினொரு சோப்பு விற்றுவிட்டானாம். சொன்னவர் அந்த நடத்துநர்தான், எங்கள் தெருக்காரர். பஸ் கதையில் பாதியைத் தள்ளிவிடலாம், பதினொன்றை நம்புகிறேன். எண்ணிப் பிழைக்கிற மனிதர்.

பதினெட்டாவது வியாழக்கிழமை மைத்துனர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி கல்லாவில் இருந்தார். அவன் வந்தான், பெட்டியை வைத்தான், புளியங்கொட்டையை வைத்தான், போனான். செருப்புச் சத்தம் மறைந்ததும் நான் வெளியே வந்து, வழக்கமாக மைத்துனரே எண்ணும் சோப்பை அன்று நான் எண்ணினேன். பெட்டியின் மேல் இருபத்தைந்து என்று போட்டிருந்தது. உள்ளே இருபத்தாறு இருந்தது. மறுபடி எண்ணினேன். இருபத்தாறு.

"ஒண்ணு கூட இருக்கும்மா."

"கூட வந்தா நல்லதுதாண்ணே, வைங்க" என்றார் அவர்.

மறுபடியும் அவன் விஷயத்தில் எண்ணிக்கை பிசகுகிறது. மறுபடியும் அது எனக்குத் தெரிகிறது. மறுபடியும் நான் பேசாமல் இருப்பதா? அந்த ஒரு சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினேன். என் வாழ்க்கையில் நான் ஓடியது அந்த ஒருநாள்தான். திண்டுக்கல் சாலை ஓரத்தில் அவன் முதுகு தெரிந்தது.

"ஏ, நில்லுப்பா! ஒண்ணு கூட இருக்கு! ஒண்ணு கூட இருக்கு!"

அவன் நின்றான். திரும்பினான். என்னையும் சோப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார்!" என்றான். அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "ஒம்பது வருசங் கழிச்சு ஓடியாந்து சொல்றீங்களே சார், ஒண்ணு கூட இருக்குன்னு!"

"உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கும் கையில இருவத்தஞ்சு புளியங்கொட்டை வச்சிருந்தேன் சார். ரவுண்டுக்கு ஒண்ணாப் போட்டுக்கிட்டே வந்தேன். தீந்ததும் உங்ககிட்டக் கைய விரிச்சுக் காட்டுனேன்ல?"

"பின்ன ஏன்டா ஓடுன? சண்டை போட்டிருக்கலாம்ல?"

"நீங்க படிச்சவரு, எண்ணுறதுக்குன்னே உக்காந்திருக்கீங்க. என்னது வெறும் புளியங்கொட்டை. ரெண்டு ஒண்ணா விழுந்திருச்சோன்னு ஒரு சந்தேகம். நின்னு வழக்குப் பேசி, கடேசில உங்க கணக்குதான் சரின்னு ஆச்சுன்னா எல்லாம் போச்சு. ஓடிட்டா ஒரு ரவுண்டுதான சார் நட்டம்." சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "மறுநா விடியக்காலம் போயி கோட்டோரம் பொறக்குனேன். இருவத்தஞ்சும் கெடந்துச்சு. நடுவுல ஒரு ரவுண்டுல நீங்க குனிஞ்சு பென்சில் சீவிக்கிட்டிருந்தது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. யார்கிட்டப் போயிச் சொல்ல? புளியங்கொட்டையச் சாட்சிக்குக் கூப்பிடவா முடியும்? ஒரு வாரம் அழுதேன். ரெண்டு வருசம் உங்க மேல கோவந்தான், பொய் சொல்லக் கூடாது."

"அப்புறம்?"

"அப்புறம் இந்தக் கம்பெனி இண்டர்வியூ. ஓட்டத்துல என்ன சாதிச்சன்னு கேட்டாக. இருவத்தாறு ரவுண்டு ஓடி ரெண்டாவது வந்தேன்னு சொன்னேன். மூணு ஆபீசரும் சிரிச்சு முடிக்க அஞ்சு நிமிசம் ஆச்சு. அங்கனயே வேலை. அன்னையில இருந்து எந்தக் கடையில ஏறுனாலும் மொதல்ல இந்தக் கதைதான். கதை கேட்டவுக எவரும் என்னைய வெளிய போன்னு சொன்னதில்ல. இருவத்தஞ்சு வாங்குனா இருவத்தாறாவது சும்மா. கம்பெனில அதுக்கு என்னமோ இங்கிலீசுல பேரு. கடைக்காரங்க சொல்றது 'எண்ணுனவரு சோப்பு'. இப்ப உங்க கையில இருக்கே, அதேன்."

பேரையூரிலிருந்து விளாங்குடி வரை ஒவ்வொரு மளிகைக் கடைக்கும் தெரிந்த ஒரு ரகசியத்தைத்தான் நான் டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். "என் மச்சானுக்கும் தெரியுமா?"

"மொத வந்த அன்னைக்கே சொல்லிட்டேன், அவருக்குத்தான் சார் ரொம்பப் பிடிச்ச கதை! அந்த எண்ணுனவன் மட்டும் கையில கெடைச்சான்னா மாலை போடணும்யாம்பாரு."

அவன் மறுபடி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனுக்குத் தெரியாதது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. நான் தவறாக எண்ணினேன் என்பது அவனுக்குத் தெரியும். அன்று மாலையே அது எனக்குத் தெரிந்துவிட்டது என்பது தெரியாது. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டாகும் நிலையில் இருந்தது. பன்னிரண்டாவது வரியைக் காட்டினேன். "அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன். பயந்துக்கிட்டுச் சொல்லல."

அவன் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. சாலையில் ஒரு லாரி போயிற்று. இன்னொன்று. மூன்றாவதும் போயிற்று.

"இத மட்டும் அன்னைக்கிக் குடுத்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. விரல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது. கடைசி வரியில் நின்றது.

"சார், இது என்ன? ஒண்ணேகால் நிமிசமா?"

"அது கடைசிச் சுற்று. நான் போகச் சொன்னது."

"இருவத்தாறாவதா?" மைல்கல்லை விட்டு எழுந்துவிட்டான். "மத்ததெல்லாம் ஒண்ணரை. இது ஒண்ணேகாலா? கணக்கு சரிதான சார்?"

"ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். சரிதான்."

"அடேங்கப்பா!" சாலையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சல். "இல்லாத ரவுண்டுல போயி இம்புட்டு வேகமா ஓடியிருக்கேன்! இத நீங்க வச்சிருக்கலன்னா எனக்கு எப்பிடித் தெரியும்? சார், இது எனக்கு வேணும்." நான் பதில் சொல்வதற்குள் தாளை ஆர்டர் புத்தகத்தின் கார்பன் காகிதத்துக்குள் பத்திரமாக வைத்துவிட்டான். பிறகு இடது பைக்குள் கையை விட்டு, காலியான உள்ளங்கையை வெளியே எடுத்து, அன்றைக்கு மைதானத்தில் காட்டியது போலவே என் முகத்துக்கு நேரே விரித்தான்.

"கொட்டை தீந்திருச்சு. இனி என் கடை. வாங்க சார், ஒரு ரவுண்டு."

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அடுத்த தெரு முனையில் ஒரு கடை. உள்ளே வெற்றிலை மென்றபடி ஒரு பெரியவர். நாலு மாதமாக இவனிடம் ஒரு சோப்புகூட வாங்காதவராம். கதையை மட்டும் வாராவாரம் கேட்டுவிட்டு அனுப்பிவிடுவாராம்.

"அய்யா, நம்ம கதையில வாரவரைக் கூட்டியாந்திருக்கேன். இவருதான் எண்ணுனவரு!"

பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெசமாவா? யாவாரத்துக்காக இவன் விடுற கதைன்னுல்ல இம்புட்டு நாளா நெனச்சேன்! நீங்கதானா அது? பென்சில் சீவுனது?"

ஒப்புக்கொண்டேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் அதைச் சொல்லிச் சிரிக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

"எறக்குய்யா ஒரு பெட்டி" என்றார் பெரியவர். அவன் பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்தான். பெரியவர் அதை என் பக்கம் தள்ளினார். "எண்ணுங்க சார், பாப்போம்."

சாமான் வாங்க நின்றவர்கள், அவன், பெரியவர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினேன். "இருபத்தாறு" என்றேன்.

"நீங்க ஒரு தடவ எண்ணுனா நம்பலாமா?" என்றார் பெரியவர். கடையே சிரித்தது. அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

மறுபடியும் எண்ணினேன். இருபத்தாறு.